இலைத்துளையை எப்போது மூடுவதென்று செடிக்கு எப்படித் தெரிகிறது?

மாடியில் தக்காளியும் பூசணியும் வைத்திருக்கிறீர்கள். காலையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றியும் மதியம் இலை தொங்கிவிடுகிறது, மாலையில் தானாக நிமிர்கிறது. தண்ணீர் குறைந்தால் செடி ஒரு ஹார்மோனைச் சுரந்து இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தும் ஏன் வாடுகிறது, கடையில் ‘நீர்த் தேவையைப் பாதியாகக் குறைக்கும் ஹார்மோன் டானிக்’ என்று விற்பதை வாங்கித் தெளிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் போதவில்லை என்று இலைக்கு எப்படித் தெரிகிறது, துளையை மூடும் முடிவை எடுப்பது எது? அது தெரிந்தால் டானிக் பற்றிய பதில் பாதி தானாகவே வந்துவிடும். நான் தாவர உடலியங்கியல் படித்தவன். இலைத் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்ப்பதிலேயே பல வருடங்கள் போயின. ஆய்வகத்தில் நடப்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். உங்கள் தொட்டியில் வேர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

இலையின் சங்கடம் இதுதான். ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். காற்றில் அது 0.04 சதவீத அளவுக்குத்தான் இருக்கிறது. அதை உள்ளே விட ஒரு துளையைத் திறந்தால், ஈரமாக இருக்கும் இலையின் உட்புறத்திலிருந்து நீராவி அதே துளை வழியாக, அதைவிடப் பல மடங்கு வேகத்தில் வெளியேறும். நெல், தக்காளி போன்ற செடிகள் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்கச் சுமாராக 400 நீர் மூலக்கூறுகளை விடுகின்றன. மக்காச்சோளம், கரும்பு மாதிரியானவை கொஞ்சம் சிக்கனக்காரர்கள், ஏறக்குறைய அதில் பாதி. இலையின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அதன் வழியாகப் போகும் நீர் மிகக் குறைவு. இழப்பில் பெரும்பகுதி துளைகள் வழியாகத்தான். இத்தனைக்கும் எல்லாத் துளைகளும் முழுதாகத் திறந்திருந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு பொதுவாக இலைப் பரப்பில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் போகாது. அந்த ஒன்றிரண்டு சதவீதத்தை எவ்வளவு நேரம், எவ்வளவு அகலம் திறந்து வைப்பது என்பதில்தான் செடியின் சாப்பாடும் தாகமும் சேர்ந்து கிடக்கின்றன.

ஒவ்வொரு துளையின் இருபுறமும் ஒரு காப்பு செல் இருக்கிறது. தக்காளியில் அவை அவரை விதை வடிவம். துளையைப் பார்த்த பக்கத்துச் சுவர் தடிப்பானது. செல்லைச் சுற்றி வளையம் வளையமாக செல்லுலோஸ் இழைகள் ஓடுகின்றன. அதனால் உள்ளே நீர் ஏறி உப்பும்போது செல் பக்கவாட்டில் பருக்க முடியாமல் நீளவாக்கில் வளைகிறது, நடுவில் இடைவெளி திறக்கிறது. நீரை உள்ளே இழுக்க செல் பயன்படுத்துவது உப்பு. வெளிச்சம் பட்டதும், குறிப்பாக நீல ஒளி பட்டதும், செல் சவ்வில் இருக்கும் ஒரு பம்பு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. உட்புறம் எதிர்மின் தன்மை கூடுகிறது, பொட்டாசியம் உள்ளே வருகிறது. அதோடு குளோரைடும், செல்லே தயாரிக்கும் மாலேட் என்ற அமில உப்பும் சேர்கின்றன. உப்பு சேர்ந்த இடத்துக்கு நீர் பின்னாலேயே வரும். மூடுவதென்றால் இதே உப்பை வெளியே விட வேண்டும். தசையோ நரம்போ கிடையாது, எல்லாம் உப்பும் நீரும்தான். மூடச் சொல்லும் செய்தியைக் கொண்டுவருவதுதான் நீங்கள் படித்த ஹார்மோன், அப்சிசிக் அமிலம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டு இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் அடிகாட் என்பவரின் குழு பருத்தியில் பிஞ்சுக் காய் உதிர்வதை ஆராய்ந்து 1963-இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. வேல்ஸில் வேரிங் குழுவினர் மர மொட்டுகள் குளிர்காலத்தில் உறங்குவதற்குக் காரணமான பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1965-இல் கார்ன்ஃபோர்த் என்ற வேதியியலாளரின் வேலையால் உறுதியானது. அவர் பின்னால் 1975-இல் நோபல் பரிசு வாங்கியவர். காய், இலை உதிர்வதில் நேரடியாக வேலை செய்வது பெரும்பாலும் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோன்தான் என்று பிறகு தெரியவந்தது. அப்சிசிக் அமிலத்தின் முக்கியமான வேலை 1969-இல்தான் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் ரைட், ஹைரன் என்ற இருவர் கோதுமை இலையைப் பறித்து வாடவிட்டு அளந்தபோது, சில மணி நேரத்திலேயே இந்த அமிலம் பல மடங்கு எகிறியிருந்தது. அதே காலத்தில், வெட்டிய இலையின் காம்பு வழியாக இதை உறிஞ்சவிட்டால் துளைகள் மூடுகின்றன என்று வேறு சிலர் காட்டினார்கள்.

அளவு கூடியது, துளை மூடியது, ஆகவே இதுவே காரணம் என்று அப்போதே சொல்லிவிட முடியாது. சந்தேகத்தை நீக்கியவை பிறவிக் குறையுள்ள செடிகள். தக்காளியிலேயே ஃபிளாக்கா, சிட்டியன்ஸ், நோட்டபிலிஸ் என்று மூன்று வகைகள் உண்டு. நன்றாக நீர் விட்டாலும் வெயில் ஏறியதும் துவண்டு விழும். துளைகள் இருட்டிலும் சரியாக மூடாது. இவற்றால் அப்சிசிக் அமிலத்தைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது. வெளியிலிருந்து அதைத் தெளித்தால் துளைகள் மூடுகின்றன, செடி நிமிர்ந்து நிற்கிறது, தெளிப்பதை நிறுத்தினால் பழையபடி துவள்கிறது. இல்லாதபோது கெடுகிறது, கொடுத்தால் சரியாகிறது. இதைவிட நேரடியான சான்று உயிரியலில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். வறட்சியில் துளையை மூடுவதில் அப்சிசிக் அமிலத்தின் பங்கு பற்றி இன்று யாருக்கும் ஐயமில்லை.

செல்லுக்குள் நடப்பதும் இப்போது தெளிவாகவே தெரியும். கேரட்டுக்கும் தக்காளிக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்துப் பொருள் ஒன்றை ஒரு நொதி குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறது. அந்தத் துண்டு மேலும் இரண்டு படி மாறி 15 கார்பன் கொண்ட அப்சிசிக் அமிலமாகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது அந்த வெட்டும் நொதிதான்; அதைக் குறையுள்ள ஒரு மக்காச்சோள வகையை வைத்து 1997-இல் கண்டுபிடித்தார்கள். கதிரிலேயே விதை முளைத்துவிடும் வகை அது, ஏனென்றால் விதையை உறங்க வைப்பதும் இதே அமிலம். அந்த அமிலத்தின் ஏற்பி, அதாவது அதைப் பிடித்துச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம், எது என்பதுதான் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. 2006-இல் ஒரு பெரிய ஆய்விதழில் ‘கிடைத்துவிட்டது’ என்று வந்த கட்டுரை 2008-இல் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் துறையில் அப்போது இருந்த அவநம்பிக்கையைச் சொல்லி மாளாது. 2009-இல் அமெரிக்காவில் கட்லர் குழுவும் ஜெர்மனியில் கிரில் குழுவும் தனித்தனியாக ஒரே புரதக் குடும்பத்தைக் கண்டுபிடித்தன. அது நிலைத்துவிட்டது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸில் அந்தக் குடும்பத்துக்கு 14 உறுப்பினர்கள்.

அந்த ஏற்பிப் புரதத்தில் ஒரு குழி இருக்கிறது. அப்சிசிக் அமிலம் குழியில் உட்கார்ந்ததும் அதன் மூடி மடங்கிக்கொள்கிறது. மூடிய ஏற்பி போய் இன்னொரு நொதியைப் பிடித்து முடக்குகிறது. முடங்கிய நொதியின் வழக்கமான வேலை, ஓஎஸ்டி1 என்ற மூன்றாவது நொதி விழித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. காவல் போனதும் ஓஎஸ்டி1 விழித்து, காப்பு செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு வாயிலில் பாஸ்பேட்டை ஒட்டித் திறக்கிறது. குளோரைடும் மாலேட்டும் வெளியேறுகின்றன, மின்னழுத்தம் மாறுகிறது, பொட்டாசியம் தன் வாயில் வழியே வெளியேறுகிறது, நீரும் கூடவே போகிறது. செல் தளர்கிறது, துளை மூடுகிறது. கால்சியமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இடையில் வந்து போகின்றன. அவை எந்தக் கட்டத்தில், எவ்வளவு அவசியம் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை, உங்கள் கேள்விக்கு அது தேவையுமில்லை.

இதைப் பார்க்க விரும்பினால் கானாவாழைச் செடி போதும், வேலியோரம் தானாக வளர்வது. அதன் இன வகை ஒன்றைத்தான் உலகெங்கும் ஆய்வகங்களில் இதற்காக வளர்த்தார்கள், ஏனென்றால் இலையின் அடித்தோல் கிழிபடாமல் உரிந்து வரும். அந்தத் தோலைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வெளிச்சத்தில் இரண்டு மூன்று மணி நேரம் மிதக்கவிட்டால் துளைகள் அகலத் திறக்கும். மிகக் குறைந்த அளவு அப்சிசிக் அமிலம் சேர்த்தால் சில நிமிடங்களில் ஒடுங்கத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மூடிவிடும். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள்.

சரி, இந்த ஏற்பாடெல்லாம் இருந்தும் உங்கள் தக்காளி ஏன் வாடுகிறது? இலை செல்களின் விறைப்பு குறைவதுதான் அப்சிசிக் அமிலத் தயாரிப்பை முடுக்கிவிடும் முக்கியத் தூண்டல். அதாவது இலை கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் தயாரிப்பு சூடுபிடிக்கும். ஏற்கெனவே இருக்கும் கையிருப்பு உடனே உதவும். சர்க்கரையோடு இணைத்துச் செயலற்ற வடிவில் சேமித்து வைத்திருப்பதை உடைத்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் சித்திரை வெயிலில், சிமெண்ட் தளத்தின் அனலில், நீராவிப்போக்கு வேர் தரும் நீரைத் திடீரென்று மிஞ்சும்போது துளை ஒடுங்குவதற்குள் இலை தொங்கிவிடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. இலை சட்டென்று நீரிழக்கும்போது துளைகள் முதலில் சில நிமிடம் மேலும் திறக்கும், அப்புறம்தான் மூடும். காப்பு செல்களைச் சுற்றியிருக்கும் தோல் செல்கள் வழக்கமாக அவற்றைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செல்கள் முதலில் தளர்ந்ததும் நெருக்கம் விலகி, துளை விரிகிறது. பறித்த இலையை உடனே அளந்தால் இது தெரியும். எதிர்பார்த்ததற்கு நேர்மாறான எண் வருவதால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

பூசணி இலை மாதிரி அகன்ற, மெல்லிய இலைகள் மண் ஈரமாக இருந்தாலும் மதியம் தொங்கும். துளை திறந்திருப்பதும் இலை தொங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். தொங்கும் இலைக்கு நேர் வெயில் குறைவாகப் படுவதால் அதனால் சிறு நன்மையும் இருக்கலாம். மாலையில் வெயில் தணிந்ததும் வேர் கணக்கைச் சரிசெய்துவிடுகிறது. இலையில் சேர்ந்த அப்சிசிக் அமிலத்தைச் செடி சிதைத்துவிடுகிறது. விடியற்காலையில் இலையைப் பாருங்கள். அப்போதும் தொங்கினால் உண்மையிலேயே நீர்ப் பற்றாக்குறை, அல்லது வேரில் கோளாறு. விடிகாலையில் நிமிர்ந்து நின்று மதியம் மட்டும் தொங்கினால், பழைய சாக்கையோ நிழல்வலையையோ தொட்டிக்கு மேல் கட்டுவதும், தொட்டி மண்ணைச் சருகால் மூடுவதும் போதும். மதிய வாட்டத்தைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். வேர் மூழ்கினால் காற்றில்லாமல் அதன் நீர் உறிஞ்சும் திறனே குறையும், தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடும்.

இனி கடினமான பகுதி. மண் காய்வது இலைக்கு எப்படித் தெரிகிறது? எங்கள் காலத்துப் பாடப் புத்தகங்களில் பதில் எளிமையாக இருந்தது. மண் காய்வதை வேர் உணர்கிறது, அப்சிசிக் அமிலத்தைத் தயாரித்து சைலம் என்ற நீர்க்குழாய்த் திசு வழியாக மேலே அனுப்புகிறது, இலை மூடுகிறது. இதற்கு நல்ல சான்றுகள் இருந்தன. 1981-இல் கலிஃபோர்னியாவில் பேட்ஸ், ஹால் இருவரும் தட்டைப்பயறில் ஒன்றைக் கவனித்தார்கள். மண் காயத் தொடங்கியதும் துளைகள் ஒடுங்கின, ஆனால் இலையின் நீர்நிலை கொஞ்சமும் மாறவில்லை. இலை தாகத்தை உணரும் முன்பே மூடிக்கொண்டது. 1985-இல் இங்கிலாந்தில் மக்காச்சோளத்தின் வேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் நீர் ஊற்றினார்கள். நனைந்த பாதியே முழுச் செடிக்கும் போதுமான நீர் தந்தது, இலை தளரவில்லை, ஆனாலும் துளைகள் ஒடுங்கின. ஆப்பிள் கன்றுகளில் இதே போலச் செய்தபோது இலை வளர்ச்சி குன்றியது. காய்ந்த பாதி வேரை வெட்டி எறிந்ததும் வளர்ச்சி மீண்டது. காய்ந்த வேரிலிருந்து ஏதோ ஒரு செய்தி மேலே போகிறது என்பதற்கு இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது. ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் கொடியின் இருபுறமும் சொட்டுக்குழாய் போட்டு மாற்றி மாற்றி ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கும் முறை இந்த யோசனையில் பிறந்ததுதான்.

ஆனால் அந்தச் செய்தி அப்சிசிக் அமிலம்தானா? இங்கேதான் கதை குழம்புகிறது. நான் சொன்ன சிட்டியன்ஸ் தக்காளியின் வேரில் சாதாரணத் தக்காளியின் தண்டை ஒட்டுக்கட்டி மண்ணைக் காயவிட்டார்கள். வேரால் அமிலத்தைச் சரியாகத் தயாரிக்க முடியாது, ஆனாலும் இலைத்துளைகள் வழக்கம்போல ஒடுங்கின. அராபிடாப்சிஸிலும் வேரிலிருந்து மேலே போவது பெரும்பாலும் நீரழுத்த மாற்றம்தான், அமிலம் இலையிலேயே உருவாகிறது என்று 2007-இல் காட்டினார்கள். பிற்காலச் சோதனைகள் சிலவற்றில் நேர்மாறாக இலையில் உண்டான அமிலம் வேருக்கு இறங்கிப் போவதும் தெரிந்தது. 2018-இல் ஜப்பானியர்கள் வேரில் பிறந்து இலைக்கு ஏறும் ஒரு சிறு புரதத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். அது இலையில் போய் அப்சிசிக் அமிலத் தயாரிப்பைத் தூண்டுகிறது. இதோடு, வறட்சியில் சைலம் சாற்றின் காரத்தன்மை கொஞ்சம் கூடுவதால் ஏற்கெனவே இருக்கும் அமிலம் மற்ற செல்களுக்குள் புகுந்து மறையாமல் காப்பு செல்வரை போய்ச் சேர்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. என் கணிப்பைக் கேட்டால், மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடுவது அப்சிசிக் அமிலம், அது பெரும்பாலும் இலையிலேயே தயாராகிறது, அந்த உத்தரவு போடவைக்கும் தகவல் வேரிலிருந்து நீரழுத்தமாகவும் வேதிப் பொருளாகவும் பல வழிகளில் வருகிறது, எந்த வழி முக்கியம் என்பது செடிக்குச் செடி மாறும். கடைசிப் பகுதி என் கணிப்புதான், யாரும் நிரூபித்தது அல்ல.

காற்று வறண்டதும் துளை ஒடுங்குவதிலும் இதே மாதிரி கருத்து வேறுபாடு உண்டு. பூக்கும் செடிகளில் அங்கேயும் அப்சிசிக் அமிலத்துக்குப் பங்கு இருக்கிறது என்கிறார்கள் ஒரு சாரார். பெரணிகளில் துளை வெறும் நீர் வற்றுவதால் தானாக மூடுகிறது, ஹார்மோனுக்கு வேலையே இல்லை என்று 2011-இல் வந்த வாதத்தை வேறு குழுக்கள் மறுத்திருக்கின்றன.

மற்ற ஹார்மோன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேரில் உண்டாகும் சைட்டோகைனின் பொதுவாகத் துளையைத் திறந்து வைக்க உதவும். மண் காய்ந்தால் அதன் வரத்து குறையும். ஆக்சினும் ஓரளவு திறக்கும் பக்கம். கிருமி தாக்கும்போது சாலிசிலிக் அமிலத்தின் துணையோடு துளைகள் மூடும், ஏனென்றால் பாக்டீரியா நுழையும் வாசலும் அதுதான். சில பாக்டீரியாக்கள் அதை மறுபடி திறக்கவைக்கும் நஞ்சையே சுரக்கின்றன. எத்திலீன் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஒரு சோதனையில் மூடுகிறது, இன்னொன்றில் அப்சிசிக் அமிலம் மூடுவதைத் தடுக்கிறது, இரண்டும் நேர்மையாகச் செய்யப்பட்ட சோதனைகள்தான்.

மூடுவது செடிக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை, டானிக் விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். துளை மூடினால் கரியமில வாயு வராது, உணவு உற்பத்தி குறையும். ஆவியாகும் நீர்தான் இலையைக் குளிர்விப்பதும். அது நின்றால் இலை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகச் சூடேறும். இந்தச் சூட்டு வித்தியாசத்தை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓஎஸ்டி1 நொதி கண்டுபிடிக்கப்பட்டதே அகச்சிவப்புக் கேமராவால்தான்: வறட்சியில் எல்லாச் செடிகளும் சூடேற, துளை மூடத் தெரியாத செடி மட்டும் குளிர்ச்சியாகத் தெரிந்தது. எவ்வளவு சீக்கிரம் மூடுவது என்பதில் பயிர்கள் ஆளுக்கொரு கொள்கை வைத்திருக்கின்றன. தட்டைப்பயறும் மக்காச்சோளமும் முன்கூட்டியே மூடி இலையின் நீரைக் காக்கும். சூரியகாந்தி இலை தளர்ந்தாலும் திறந்து வைத்துத் தொடர்ந்து உணவு தயாரிக்கும். எது சரி என்பது அடுத்த மழை எப்போது வரும் என்பதைப் பொறுத்தது. நான்கு நாளில் மழை வந்தால் சூரியகாந்தி ஜெயிக்கும், நாற்பது நாள் வராவிட்டால் தட்டைப்பயறு.

இங்கே ஒரு கிளைக்கதை, நாற்று வாங்குகிறவர்களுக்குப் பயன்படும். திசு வளர்ப்பில் வந்த வாழைக்கன்று பாட்டிலுக்குள் ஏறக்குறைய முழு ஈரப்பதத்தில் வளர்கிறது. அந்தச் சூழலில் உருவான இலையின் துளைகளுக்கு மூடிப் பழக்கமில்லை. அப்சிசிக் அமிலம் கொடுத்தாலும் மந்தமாகவே கேட்கும், மெழுகுப் பூச்சும் மெல்லியது. நேராக வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் கருகிவிடும். அதனால்தான் நிழல்வலைக்குள் ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாரக்கணக்கில் பழக்குகிறார்கள். பசுமைக்குடிலில் மிகுந்த ஈரத்தில் வளர்த்த ரோஜா, வெட்டி வைத்தால் சீக்கிரம் தலை தொங்குவதற்கும் இதே காரணம். உங்கள் நாற்றும் அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்ததென்றால் முதல் இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். புதிதாக விடும் இலைகள் வெளிக்காற்றுக்கேற்ற துளைகளோடு வரும்.

இனி தெளிப்பு. அப்சிசிக் அமிலத்தைத் தெளித்தால் துளைகள் மூடும், அதில் மாற்றுக் கருத்தில்லை. வணிக ரீதியாகவும் கிடைக்கிறது. போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சையை நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். ஆனால் விவசாயத்தில் அது பெரிதும் பயன்படுவது சிவப்புத் திராட்சைக்கு நிறம் ஏற்றத்தான். நீர்ச் சிக்கனத்துக்கு அது பரவாததற்குக் காரணங்கள் உண்டு. விலை அதிகம். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் செயலிழந்த வடிவமாக்கிவிடும். செடியே அதைச் சிதைத்துவிடும். ஆகவே பலன் சில நாட்கள்தான். கடையில் வாங்கிய பூந்தொட்டி வீட்டுக்குப் போகும்வரை வாடாமல் இருக்க, நாற்று பிடுங்கி நடும்போதான அதிர்ச்சியைத் தாங்க என்று குறுகிய காலத் தேவைகளுக்கு அது பொருந்தும். நீண்ட நேரம் நிலைக்கும் மாற்றுப் பொருள்களை கட்லர் குழுவே தேடிவருகிறது. 2019-இல் ஓப்பாபாக்டின் என்ற ஒன்றை வெளியிட்டார்கள், ஆய்வகத்தில் அப்சிசிக் அமிலத்தைவிட வீரியமானது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் ஒரு பூஞ்சைக்கொல்லிக்குக் கட்டுப்படுமாறு ஏற்பியையே மாற்றியமைத்த செடிகளை 2015-இல் உருவாக்கிக் காட்டினார்கள். இரண்டும் நல்ல அறிவியல், ஆனால் உங்கள் மாடிக்கு அவற்றால் பயனில்லை.

உங்கள் கடை டானிக்கின் சீட்டைப் படியுங்கள். ‘எஸ்-அப்சிசிக் அமிலம்’ என்று அளவோடு எழுதியிருந்தால் அது நான் சொன்ன பொருள். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் என்று மட்டும் இருந்தால் துளையை மூடும் ஹார்மோன் என்று சொல்ல ஆதாரமில்லை. வேறு வகையில் செடிக்கு நல்லது செய்யலாம், அது தனி விஷயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சிக்குப் பரிந்துரைக்கும் பி.பி.எஃப்.எம். தெளிப்பு இன்னொரு வழி. இலை மேல் வாழும் இளஞ்சிவப்பு பாக்டீரியா அது, சைட்டோகைனின் போன்ற பொருள்களைச் சுரக்கும். துளை விஷயத்தில் சைட்டோகைனின் அப்சிசிக் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் என்று பார்த்தோம். ஆக வறட்சியைத் தாங்க உதவும் எல்லாமே துளையை மூடித்தான் உதவ வேண்டும் என்றில்லை. கயோலின் வெள்ளைக் களிமண் தெளிப்பது வெயிலைத் திருப்பியனுப்பி இலைச் சூட்டைக் குறைக்கிறது, ஹார்மோனுக்கு இதில் வேலையில்லை.

தக்காளிக்கு நான் தெளிக்க மாட்டேன். காய்க்கும் செடிக்குப் பகல் முழுக்கத் துளை மூடியிருந்தால் காய்க்குப் போகும் சர்க்கரைதான் குறையும். தொட்டிக்கு நீங்கள் தண்ணீர் ஊற்ற முடிகிறபோது, கொஞ்சம் நீரை மிச்சம் பிடித்துக் காயை இழப்பதில் லாபமில்லை. ஊருக்குப் போகிறீர்கள், ஒரு வாரம் ஊற்ற ஆளில்லை என்றால் கணக்கு வேறு. வாங்கித்தான் பார்ப்பேன் என்றால் ஒன்று செய்யுங்கள். ஒரே அளவு செடியுள்ள நான்கு தொட்டிகளை எடுத்து, மண்ணின் மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி மண்ணிலிருந்து ஆவியாவதை நிறுத்துங்கள். இரண்டுக்கு டானிக், இரண்டுக்கு வெறும் தண்ணீர் தெளியுங்கள். தினமும் காலை அதே நேரத்தில், தண்ணீர் ஊற்றும் முன் தராசில் நிறுத்து, முந்தைய நாள் ஊற்றி முடித்தபோது இருந்த எடையிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று எழுதிவையுங்கள். ஒரு வாரத்தில் நான்கிலும் எடை ஒரே மாதிரி குறைந்தால் அந்த டானிக் துளையைத் தொடவே இல்லை. தெளித்த இரண்டில் மட்டும் முதல் சில நாட்கள் குறைவாக இறங்கி, பிறகு மற்றவற்றோடு சேர்ந்துகொண்டால் அதில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது. அப்படி வந்தால் எண்களை இங்கே போடுங்கள், சீட்டின் படத்தோடு.